நிகழ்வு ஆய்வு: கையுறைக்குள் விழுந்த பந்தும் திருத்தப்பட்ட தீர்ப்பும்

பின்னணி

நியூ ஜெர்சியில் 13, 14 வயதுச் சிறுவர்கள் ஆடும் ஒரு பேஸ்பால் லீக்கில் ஆறு ஆண்டுகளாக வார இறுதிகளில் நடுவராக இருந்துவருகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் 'கேட்ச்' என்ற சொல்லைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கற்க வேண்டியிருந்தது.

இங்கே எழுதுவது ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை மாலை நடந்த ஆட்டத்தைப் பற்றி. அணிகளின் பெயரோ ஆட்களின் பெயரோ தேவையில்லை. ஒரு தீர்ப்பு தவறாகப் போனது, அதைத் திருத்தினோம், திருத்திய விதத்திலும் ஒரு குறை இருந்தது. புதிதாக நடுவர் வேலைக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். நடுவர்கள் இருவர். பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற நடுவர் கல்லூரி மாணவர். அது அவருக்கு இரண்டாவது பருவம். அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓடி, ரன் எடுக்க மீண்டும் ஹோம் பிளேட்டை அடைய வேண்டிய மூன்று பேஸ்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. பேஸ்களில் ரன்னர்கள், அதாவது ஏற்கெனவே பேஸை அடைந்தவர்கள், இருக்கும்போது நான் மைதானத்தின் உள்சதுரத்துக்குள், பந்தெறியும் பிட்சரின் மேட்டுக்குப் பின்னால் நிற்பேன். அப்போது வெளிமைதானத்தின் நடுப்பகுதிக்குப் போகும் உயரப் பந்துகள் என் பார்வைக்கு உரியவை. இடது அல்லது வலது பக்கக் கோட்டை நோக்கி ஃபீல்டர் ஓடிப் பிடிக்கும் பந்துகள் பிளேட் நடுவருக்கு உரியவை. அந்த நேரத்தில் என் கண் ரன்னர்கள் மேல் இருக்க வேண்டும். இந்தப் பிரிவினையை ஆட்டத்துக்கு முன் இருவரும் பேசியிருந்தோம். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு இது முக்கியம்.

எங்கள் லீக், வட அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் அதிகாரபூர்வ விதிநூலையே அடிப்படையாக வைத்திருக்கிறது. கேட்ச் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பறந்து வரும் பந்தை ஃபீல்டர் கையிலோ கையுறையிலோ உறுதியாகப் பற்ற வேண்டும். பற்றிய உடனேயே இன்னொரு ஆட்டக்காரர் மீதோ சுவர் மீதோ மோதி, அல்லது கீழே விழுந்து, அதனால் பந்து நழுவினால் அது கேட்ச் ஆகாது. பந்து முழுவதும் தன் கட்டுப்பாட்டில் இருந்ததையும், அதைத் தானாக விரும்பியே விட்டதையும் காட்டும் அளவுக்கு அவர் பந்தை வைத்திருக்க வேண்டும். இதோடு ஒரு துணை வாக்கியமும் உண்டு: கேட்ச் முடிந்த பிறகு, எறிய முற்படும்போது பந்து நழுவினால் கேட்ச் கேட்ச்தான். எத்தனை அடி எடுத்துவைக்க வேண்டும், எத்தனை நொடி வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு விதியில் எங்கும் இல்லை. அப்படி ஒரு கணக்கு இருப்பதாகப் பெற்றோர்கள் பலர் நம்புகிறார்கள்.

கிரிக்கெட் ரசிகருக்கு 1999 உலகக் கோப்பையின் ஹெடிங்லி ஆட்டம் நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷெல் கிப்ஸ், ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா அடித்த பந்தைப் பிடித்து, மகிழ்ச்சியில் மேலே வீச முற்பட்டபோது நழுவவிட்டார். வா ஆட்டமிழக்கவில்லை, 120 ரன்களுடன் கடைசி வரை நின்றார். கிரிக்கெட் விதி பந்தின் மீதும் தன் உடலின் அசைவின் மீதும் முழுக் கட்டுப்பாடு கேட்கிறது. பேஸ்பாலோ அதற்கு மேல் 'விரும்பி விட்டாரா' என்ற கேள்வியையும் கேட்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் கிப்ஸ் பிடித்துவிட்டார் என்று வாதாட இடமிருக்கிறது. அன்று மாலை எங்கள் முன் வந்ததும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

மூன்றாவது இன்னிங்ஸ்

முதல் பேஸில் ஒரு ரன்னர். பந்து தரையோடு உருண்டு இரண்டாவது பேஸ்மேனிடம் போனது. தரையில் பட்ட பந்து என்பதால் ரன்னர் இரண்டாவது பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும்; அவருக்கு முன் ஃபீல்டர் பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் அவர் அவுட். அவர் ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) தட்டிவிட்டார். ஷார்ட்ஸ்டாப் இரண்டாவது பேஸை மிதித்துக்கொண்டே கையுறையில் பந்தை வாங்கினார். முதல் பேஸுக்கு எறிவதற்காகக் கையுறையைத் திறந்து விரல்களால் பந்தை எடுக்கும்போது அது விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்தது. எனக்கு நான்கடி தூரம். ரன்னர் அவுட் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவுட் ஆனது ஹோம் அணியின் ரன்னர். அவர்களுடைய பயிற்சியாளர் வெளியே வந்தார். "ப்ளூ, பந்து தரையில் கிடந்ததே?" என்றார். இங்கே நடுவரை 'ப்ளூ' என்று அழைப்பது வழக்கம். "பந்து கையுறையில் உறுதியாக இருந்தது. எறிய எடுக்கும்போதுதான் நழுவியது. அதனால் அவுட்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் நினைவில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 2014 பருவத் தொடக்கத்தில் மேஜர் லீக்கில் வீடியோ மறுபார்வை விரிவாக்கப்பட்டபோது, பந்து எறியும் கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் கேட்ச் என்ற இறுக்கமான பார்வை நடைமுறைக்கு வந்தது. பல பத்தாண்டுகளாக அவுட் என்று தீர்ப்புப் பெற்றுவந்தவை சேஃப், அதாவது அவுட் இல்லை, என்று ஆயின. ஏப்ரல் 25 அன்று அதை மாற்றிப் பழைய பார்வைக்கே திரும்பினார்கள்: கையுறையில் முழுக் கட்டுப்பாடு இருந்து, எறிவதற்காகத் தானே கையுறையைத் திறக்கும்போது நழுவினால் அவுட். மூன்றாவது இன்னிங்ஸ் தீர்ப்பு அந்தப் பார்வையின்படியானது. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஏழாவது இன்னிங்ஸின் மேல்பாதி

ஹோம் அணி 5-4 என்று முன்னிலை. விருந்தினர் அணி ஆடுகிறது; மூன்று அவுட் ஆனால் அவர்கள் முறை முடியும். ஒரு அவுட். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ரன்னர்கள். அடிக்கப்பட்ட பந்து இடது பக்கம் தாழ்வாகப் பறந்தது. லெஃப்ட் ஃபீல்டர் பக்கக் கோட்டை நோக்கி முன்னால் ஓடிவந்தார். எங்கள் பிரிவினைப்படி அது பிளேட் நடுவரின் பந்து. அவர் மூன்றாவது பேஸ் கோட்டோரமாக ஓடிக்கொண்டே "என் பந்து" என்று எனக்குக் குரல் கொடுத்தார். நான் ரன்னர்கள் பக்கம் திரும்பினேன்.

அடுத்து நடந்ததை, அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து வரிசைப்படுத்துகிறேன். பந்து முழங்கால் உயரத்தில் ஃபீல்டரின் கையுறைக்குள் போனது. அந்த நொடியிலேயே, ஓட்டத்தை நிறுத்தாமல், என் சக நடுவர் வலது கை முஷ்டியை உயர்த்தி அவுட் காட்டினார். வாயால் எதுவும் சொல்லவில்லை. ஃபீல்டர் இரண்டடி வைத்தார், முழங்கால் புல்லில் சறுக்கியது, கையுறை தரையில் இடித்தது, பந்து வெளியே உருண்டது. அவர் எழுந்து பந்தை எடுத்து இரண்டாவது பேஸில் நின்ற ஷார்ட்ஸ்டாப்புக்கு எறிந்தார்.

இரண்டாவது பேஸிலிருந்து பாதி வழி போயிருந்த ரன்னருக்கு நேர் எதிரே பிளேட் நடுவரின் முஷ்டி தெரிந்தது. கேட்ச் என்றால் ரன்னர் தன் பேஸுக்குத் திரும்ப வேண்டும். கேட்ச் என்று நினைத்து அவர் இரண்டாவது பேஸுக்கே திரும்பி ஓடினார். முதல் பேஸ் ரன்னர் அந்தச் சைகையைப் பார்க்கவில்லை. பந்து புல்லில் கிடந்ததைப் பார்த்த அவருடைய பயிற்சியாளர் "போ, போ" என்று கத்த, அவர் இரண்டாவது பேஸுக்கு வந்து சேர்ந்தார். அடித்தவர் முதல் பேஸைக் கடந்து நின்றார். இரண்டாவது பேஸில் இரண்டு சிறுவர்கள், தலா ஒரு காலை அந்த வெள்ளைச் சதுரத்தின் மீது வைத்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷார்ட்ஸ்டாப் இருவரையும் பந்தால் தொட்டார். நான் "டைம்" என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தினேன்.

இரு தரப்பின் வாதம்

ஹோம் பயிற்சியாளரின் வாதம் தெளிவாக இருந்தது. நடுவர் முஷ்டியைக் காட்டிவிட்டார், எனவே கேட்ச். அடித்தவர் அவுட். கேட்ச் என்றால் எவரும் முன்னேற வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டாவது பேஸ் முன்னால் இருந்த ரன்னருக்கே உரியது. பின்னால் வந்தவரைத் தொட்டாயிற்று, அவரும் அவுட். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூன்றாவது இன்னிங்ஸில் எடுக்கும்போது நழுவினால் அவுட் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? என் பையனும் எறியத்தான் போனான்."

விருந்தினர் பயிற்சியாளர், பந்து தரையில் விழுந்ததை மைதானமே பார்த்தது என்றார். தன் ரன்னர் நடுவரின் சைகையை நம்பித்தான் திரும்பினார், அதற்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்றார்.

மூன்று வெவ்வேறு முடிவுகள் அங்கே சாத்தியமாக இருந்தன. கேட்ச் என்றால் ஆட்டம் முடிந்தது. கேட்ச் இல்லை என்று சொல்லி, நடந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டால், இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்குப் போயே ஆக வேண்டிய ரன்னர் அங்கேயே நிற்கும்போது தொடப்பட்டதால் அவுட். இரண்டு அவுட், முதல் இரண்டு பேஸ்களில் ரன்னர்கள். கேட்ச் இல்லை என்று சொல்லி, தவறான சைகையின் விளைவுகளையும் நீக்கினால், ஒரே அவுட்டுடன் ரன்னர்களை நாங்கள் நிறுத்த வேண்டும்.

நாங்கள் பேசியது

ஒரு நடுவர் கேட்காமல் இன்னொரு நடுவர் அவருடைய தீர்ப்பில் தலையிடக் கூடாது என்று விதி இருக்கிறது. எனவே பயிற்சியாளர்கள் இருவரையும் தங்கள் இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, சக நடுவர் என்னிடம் வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நான் என்ன செய்வது, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. அது தயக்கத்தால் வந்ததில்லை. பந்து கையுறைக்குள் போனதை நான் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது அது புல்லில் கிடந்தது. தீர்ப்பு அவருடையதாகவே இருக்க வேண்டும். ஆகவே கேள்விகள் மட்டும் கேட்டேன்.

"பந்து வெளியே வந்தபோது கையுறை எங்கே இருந்தது?"

"தரையில். இடித்ததும் வந்தது."

"இன்னொரு கை?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தன் வலது கையை விரித்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, முன்னால் நீட்டிக் காட்டினார். விழுகிறவர் ஊன்றிக்கொள்ள நீட்டும் கை.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப்பின் வெறுங்கை கையுறைக்குள் இருந்தது. பந்தை வெளியே கொண்டுவந்தது அவருடைய விரல்கள். இங்கே வெறுங்கை தரையைத் தேடிப் போனது. பந்தை வெளியே தள்ளியது தரை. விழுந்ததன் விளைவாக நழுவினால் கேட்ச் ஆகாது என்று விதி நேராகச் சொல்கிறது. அந்த இரண்டு அடிகளும் விழுவதற்கு முந்தைய தடுமாற்றமே. ஃபீல்டர் நிலைபெற்றதற்கு அவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. இதை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் கேட்ச் இல்லை" என்றார். தீர்ப்பை அவரே மாற்றினார்.

ரன்னர்களை நிறுத்தியது

தீர்ப்பை மாற்றும்போது, முந்தைய தவறான தீர்ப்பின் விளைவுகளை நீக்கும் அதிகாரம் நடுவர்களுக்கு உண்டு. சரியான தீர்ப்பு முதலிலேயே சொல்லப்பட்டிருந்தால் ரன்னர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று நடுவர்கள் கருதுகிறார்களோ அங்கே நிறுத்தலாம். தவறான தீர்ப்பை நம்பி ரன்னர் செய்ததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது பேஸ் ரன்னர் மூன்றாவதை அடைந்திருப்பார். ஆனால் பந்து ஃபீல்டரின் அருகிலேயே கிடந்ததால் ஹோம் வரை போயிருக்க மாட்டார். முதல் பேஸ் ரன்னர் எறிதல் வருவதற்கு முன்பே இரண்டாவதைத் தொட்டுவிட்டதை நானே பார்த்திருந்தேன். அடித்தவர் முதல் பேஸில். மூன்று பேஸ்களும் நிரம்ப, ஒரு அவுட். இப்படித்தான் முடிவு செய்தோம். இந்தப் பேச்சு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தது. அதுதான் பின்னால் என்னை உறுத்தியது.

ஹோம் பயிற்சியாளரிடம் போய் விளக்கினேன். "எடுக்கும்போது நழுவியது வேறு, விழும்போது நழுவியது வேறு" என்றேன். அவர் ஏற்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. விருந்தினர் பயிற்சியாளர் தொலைவில் நின்று நாங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பிறகுதான் போனேன்.

ஆட்டம் முடிந்த விதம்

அடுத்து ஆடியவரின் பந்து தரையோடு உருண்டது. இரண்டாவது பேஸில் ஒரு அவுட் எடுத்தார்கள். முதல் பேஸுக்கு எறிந்தது தாமதமாகச் சேர்ந்தது. மூன்றாவது பேஸ் ரன்னர் ஹோம் வந்து 5-5. கீழ்ப்பாதியில் ஹோம் அணி ஒரு ரன் எடுத்து 6-5 என்று வென்றது. அதனால் புகார் எதுவும் வரவில்லை. ஹோம் அணி தோற்றிருந்தால் இந்த ஆய்வு வேறு சூழலில் எழுதப்பட்டிருக்கும். ஆட்ட முடிவு எங்கள் முடிவைச் சரியாக்கிவிடவில்லை.

கைகுலுக்கல் முடிந்ததும் அந்த லெஃப்ட் ஃபீல்டர் என்னிடம் வந்து, "நான் பிடித்தேனா இல்லையா?" என்று கேட்டார். அவருடைய கையுறையையே வாங்கி, பந்தை உள்ளே வைத்துத் தரையில் மெதுவாக இடித்துக் காட்டினேன். பந்து வெளியே வந்தது. பிறகு கையுறையை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டு விழுவது எப்படி என்று காட்டினேன். அடுத்த முறை விழுந்தாலும் எழுந்து பந்தை உயர்த்திக் காட்டச் சொன்னேன்.

வீடியோவில் தெரிந்தது

எங்கள் லீக்கில் ஆட்டத்தின்போது வீடியோ பார்க்க அனுமதி இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெற்றோர் செல்பேசியில் எடுத்ததை அனுப்பினார். கேட்ச் இல்லை என்பதை அது உறுதிசெய்தது; ஊன்றிய கையும் சக நடுவர் காட்டியபடியே இருந்தது. மங்கலாகத் தெரிந்தாலும் அதில் ஐயமில்லை.

ஆனால் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் அதில் தெரிந்தது. மூன்றாவது பேஸ்மேன் தன் பேஸில் கால் வைத்து, கையுறையை உயர்த்தி, பந்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து கிடந்த இடத்திலிருந்து மூன்றாவது பேஸ்தான் மிக அருகில். சைகை சரியாக இருந்திருந்தால் ஃபீல்டர் அங்கே எறிந்திருக்கலாம்; இரண்டாவது பேஸ் ரன்னர் அங்கே அவுட் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. நெருக்கமான ஓட்டமாக இருந்திருக்கும். வீடியோவைப் பலமுறை பார்த்த பிறகும் ரன்னர்தான் முந்தியிருப்பார் என்று கருதுகிறேன். ஆனால் அன்று மைதானத்தில் அந்தக் கணக்கைப் போடவில்லை. தவறான சைகையால் பாதிக்கப்பட்டது ரன்னர் என்ற எண்ணம் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. விதி கேட்பது யாருக்கு அநியாயம் நடந்தது என்பதை அல்ல; ரன்னர் எங்கே இருந்திருப்பார் என்பதை. அந்தச் சைகையால் தடுப்பணியும் ஒரு வாய்ப்பை இழந்திருக்கலாம்.

மாற்றிக்கொண்டவை

முதல் மாற்றம், கை உயர்வதற்கு முன் கால் நிற்க வேண்டும் என்பது. ஓடிக்கொண்டே பார்க்கும் கண் குலுங்குகிறது. குலுங்கும் கண்ணுக்குக் கையுறைக்குள் போன பந்து மட்டுமே தெரியும். நின்று, பந்தையும் அதன் பிறகு வெறுங்கையையும் பார்த்து, ஃபீல்டர் பந்தைத் தானாக வெளியே எடுத்த பிறகே தீர்ப்பு. தீர்ப்பைக் குரலோடும் சொல்ல வேண்டும். அன்று குரல் இல்லாததால் ஒரு ரன்னருக்குக் கேட்ச், இன்னொருவருக்குக் கேட்ச் இல்லை என்று ஒரே பந்துக்கு இரண்டு தீர்ப்புகள் ஆயின.

சைகையின் விலை என்ன என்பதற்கு 2005 அக்டோபர் 12 அன்று சிகாகோவில் நடந்ததைப் புதியவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். ஒயிட் சாக்ஸின் ஏ. ஜே. பியர்ஸின்ஸ்கி மட்டையை வீசியும் மூன்றாவது ஸ்டிரைக்கைத் தவறவிட்டார்; மூன்று ஸ்டிரைக் ஆனால் வழக்கமாக அடிப்பவர் அவுட். நடுவர் முஷ்டியை மடக்கிக் காட்டியதை அவுட் என்று எடுத்துக்கொண்ட ஏஞ்சல்ஸ் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பந்தைப் பிட்சர் மேட்டை நோக்கி உருட்டிவிட்டார். நடுவரோ கேட்சர் பிடிப்பதற்கு முன் பந்து தரையில் பட்டுவிட்டதாகவே கருதினார்; அப்படியானால் அடிப்பவர் முதல் பேஸுக்கு ஓடலாம். பியர்ஸின்ஸ்கி முதல் பேஸுக்கு ஓடினார். அவருக்குப் பதிலாக வந்த ரன்னர் வெற்றி ரன்னை எடுத்தார். பந்து தரையில் பட்டதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்தச் சைகையோ இரண்டு பொருள் தந்தது.

மூத்த நடுவர்கள் சிலர், ஐயம் வந்தால் கேட்ச் இல்லை என்று சொல்லிவிடு, பின்னால் திருத்துவது எளிது என்பார்கள். திருத்துவது எளிது என்பது உண்மை. ஆனால் அந்த அறிவுரையை நான் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஐயத்தைத் தீர்க்கக் கூடாது. இன்னும் ஒரு நொடி காத்திருந்து தீர்க்க வேண்டும்.

ரன்னர்களை நிறுத்தும்போது இப்போது ஒவ்வொரு பேஸிலும் யார் நின்றார், பந்து எங்கே கிடந்தது, மிக அருகிலிருந்த அவுட் எது என்று சக நடுவரிடம் உரக்கக் கேட்டு, பதிலையும் உரக்க வாங்குகிறேன். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகட்டும். விளக்கம் சொல்லும்போது இரு பயிற்சியாளர்களையும் ஒன்றாக அழைத்து ஒரே முறை சொல்கிறேன்.

என் வாக்கியத்தையும் மாற்றிக்கொண்டேன். "எடுக்கும்போது நழுவியது" என்று சுருக்கிச் சொன்னதுதான் ஹோம் பயிற்சியாளருக்கு ஏழாவது இன்னிங்ஸில் ஆயுதமாயிற்று. இப்போது அதே நிலைமை வந்தால், "பந்து கையுறையில் அடங்கியிருந்தது, அவரே கையுறையைத் திறந்து எடுத்தார், அப்போது நழுவியது" என்று மூன்றையும் சொல்கிறேன். அந்தப் பயிற்சியாளருக்கு வீடியோவை அனுப்பிவைத்தேன். கேட்ச் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். மூன்றாவது பேஸில் தன் அணிக்கு ஒரு அவுட் கிடைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.